அந்த டிராப் எங்கிருந்து வந்தது?

1819043176. இந்த ஒரு எண் ஆறு வாரம் என் மண்டைக்குள் கிடந்து உறுத்தியது. இரவு முழுக்க ஓடவிட்டிருந்த ஃபஸ்ஸர் (கண்டபடி கேஸ்களை உருவாக்கி ஓட்டிப் பிழை தேடும் கருவி) காலையில் ஒரே ஒரு தோல்வியைக் காட்டியது: டிராப் (எல்லை மீறும் மாட்யூலை அங்கேயே நிறுத்தும் பிழை) வரவேண்டிய இடத்தில் டிராப் வரவில்லை, இந்த எண் வந்திருந்தது. அதாவது ஒரு வெப்அசெம்ப்ளி மாட்யூல் (எந்த இயந்திரத்திலும் அடைப்புக்குள் ஓட்டும்படி எழுதிய நிரல்) தன் நினைவகத்தின் எல்லைக்கு வெளியே கை நீட்டியிருக்கிறது, அதை யாரும் தட்டிக் கேட்கவில்லை, கையில் ஏதோ கிடைத்தும் விட்டது. அதே சீட் எண்ணை, அதாவது ஃபஸ்ஸரின் தற்செயல் எண்களுக்கான தொடக்க எண்ணைக் கொடுத்து அந்த ஒரு கேஸை மட்டும் மறுபடி ஓட்டினேன். சமர்த்தாக டிராப் வந்தது. பத்து தடவை, நூறு தடவை ஓட்டியும் டிராப்தான். வெளியீட்டுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த டெஸ்ட்டின் தலையில் ‘ஃப்ளேக்கி’, அதாவது சில சமயம் தேறும், சில சமயம் தோற்கும் என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன். இதை எழுதும்போதுகூடக் கொஞ்சம் கூசுகிறது.

மாட்யூலை வெளியே போகவிடாமல் அடைத்து வைக்கும் ஒரு சாண்ட்பாக்ஸின் எல்லைச் சோதனையை ஃப்ளேக்கி என்று ஒதுக்குவது என்றால் என்ன? பூட்டு சில நாள் பூட்டிக்கொள்கிறது, சில நாள் பூட்டிக்கொள்வதில்லை, பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வது மாதிரி. அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தேறிய டெஸ்ட் காட்டும் பச்சை நிறத்துக்கு ஒரு மயக்கம் உண்டு. எல்லை தாண்டும் டெஸ்ட்டுகளாக மட்டுமே எங்களிடம் ஏகப்பட்டது இருந்தது. வெப்அசெம்ப்ளியின் அதிகாரபூர்வமான ஸ்பெக் டெஸ்ட்டுகளும் எல்லாம் தேறியிருந்தன. அத்தனை பச்சைக்கு நடுவில் ஒரு சிவப்பு, அதுவும் திரும்ப வராத சிவப்பு. மனசு தானாகவே பெரும்பான்மையின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

நான் வேலை செய்யும் ரன்டைம் (மாட்யூல்களை ஓட்டும் மென்பொருள்) சின்னது, வெளியே யாருக்கும் தெரியாதது. ஆனால் பெரிய ரன்டைம்கள் செய்யும் அதே தந்திரத்தைத்தான் அதுவும் செய்கிறது. தந்திரம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். வெப்அசெம்ப்ளி முகவரி 32 பிட். அதோடு கட்டளையிலேயே பதிந்திருக்கும் ஆஃப்செட் (முகவரியோடு கூட்டவேண்டிய தூரம்) இன்னொரு 32 பிட். இரண்டையும் கூட்டும்போது எண் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்குத் திரும்பக்கூடாது என்பது விதி, ஆகவே விடை 33 பிட் வரை போகும். 8 ஜிபிக்குச் சற்று மேலான மெய்நிகர் முகவரி வெளியை மொத்தமாக வளைத்துப் போட்டு, அதில் மாட்யூலுக்கு உரிய பக்கங்களை (நினைவகத்தைப் பங்கிடும் அலகுகளை) மட்டும் திறந்துவிட்டு, மிச்சத்தைப் படிக்கவோ எழுதவோ முடியாதபடி பூட்டிவிட்டால், எந்த முகவரியைக் கணக்கிட்டாலும் அது இந்த வளைவுக்குள்தான் விழும். உரிய இடத்தில் விழுந்தால் சரி. பூட்டிய இடத்தில் விழுந்தால் புராசஸர் ஃபால்ட் என்ற தவறு அறிவிப்பைக் கொடுக்கும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதைச் சிக்னலாக்கி அனுப்பும், சிக்னலுக்காகக் காத்திருக்கும் நம் ஹேண்ட்லர் அதை வாங்கி ‘எல்லை தாண்டிய நினைவக அணுகல்’ என்ற டிராப்பாக மாற்றும். ஒவ்வொரு லோடுக்கும் (படிப்பதற்கும்) ஸ்டோருக்கும் (எழுதுவதற்கும்) முன்னால் ஒரு ஒப்பீட்டுக் கட்டளை வைக்கவேண்டிய தேவையே இல்லை. பூட்டி வைத்த இடம் ரேம் எதையும் தின்பதில்லை, முகவரிகளை மட்டுமே தின்கிறது. கேட்கும்போது இலவசம் மாதிரி இருக்கும்.

முழு இலவசம் இல்லை. எக்ஸ்86-64 வகை புராசஸரில் ஒரு புராசஸுக்கு (ஓடும் நிரலுக்கு) வழக்கமாகக் கிடைப்பது 47 பிட் முகவரி வெளி, 128 டிபி. ஆளுக்கு 8 ஜிபி என்று அள்ளிக் கொடுத்தால் 16,384 நினைவகங்களோடு கடை காலி. முகவரி வெளிக்கே உச்சவரம்பு வைத்திருக்கும் சூழல்களில் முதல் ஆளுக்கே இடம் கிடைக்காது. அதனால் எங்கள் ரன்டைமில் ஒரு சிக்கன வழியும் உண்டு. அதில் நினைவகத்துக்கு அப்போதைக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவும், அதன் வாலில் பூட்டிய 64 கிலோபைட் காவல் பகுதியும் மட்டும் எடுப்போம். மாட்யூல் நினைவகத்தைப் பெருக்கச் சொன்னால் வேறு இடத்தில் பெரிதாக ஒன்றை எடுத்து, பழையதை அங்கே நகலெடுத்து, பழைய இடத்தைக் கெர்னலிடம் திருப்பிக் கொடுத்துவிடுவோம். வாடகை வீடு மாறுவது போலத்தான்.

இந்த வழியில் ஒப்பீடு உண்டு, ஆனால் பாதிதான். மாட்யூலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், அடிப்படை முகவரி எல்லைக்குள் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். ஆஃப்செட்டைக் கூட்டிப் பார்க்காது. ஆஃப்செட்டும் படிக்கும் அளவும் சேர்ந்து 64 கிலோபைட்டுக்குள் அடங்கினால், எல்லையை ஒட்டிய முகவரியிலிருந்து எட்டிப் பார்த்தாலும் அது காவல் பகுதியில்தான் விழப்போகிறது, பிறகு எதற்கு வீண் கணக்கு? ஒரே பாயிண்டரை வைத்து ஒரு ஸ்டிரக்டின் (ஒன்றாகக் கட்டிய தரவின்) ஏழெட்டு புலங்களைப் படிக்கும் கோடுக்கு, அதாவது நிரலுக்கு ஒரே ஒப்பீடு போதும் என்பது இதில் கிடைக்கும் லாபம். நல்ல யோசனைதான், இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் இங்கே ஒரு ஒப்பந்தம் நடந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். ‘வாலில் 64 கிலோபைட் பூட்டியிருக்கும்’ என்று நினைவகத்தை ஒதுக்கும் கோடு வாக்குக் கொடுக்கிறது. கம்பைலர் அதை நம்பிக் கணக்கை விட்டுக்கொடுக்கிறது. இந்த இரண்டும் வெவ்வேறு கோப்புகளில், வெவ்வேறு காலத்தில், இரண்டு வேறு மனநிலையில் எழுதப்பட்டவை. இரண்டையும் எழுதியவன் நான்தான்.

வேலியைப் பிடுங்கிப் பார்த்த அன்று

ஆறு வாரம் கழித்து, குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் அந்த ஃப்ளேக்கி பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் இதில் நின்றார். “இது டிராப் ஆகுதுன்னு டெஸ்ட் சொல்லுது. சரி. ஆனா அந்த டிராப் காவல் பகுதில பட்டுத்தான் வந்துச்சுன்னு எப்படிங்க தெரியும்?” என்றார். “வேற எங்க பட்டு வரும்?” என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள்ளேயே என் கேள்வி எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

எங்கள் டெஸ்ட்டுகள் எல்லாம் கேட்டது ஒரே கேள்வி: டிராப் வந்ததா? யார் கொடுத்தது என்று எதுவும் கேட்கவில்லை. ஹேண்ட்லரும் கேட்கவில்லை. ஃபால்ட் ஆன கட்டளை நாம் கம்பைல் செய்த கோடுக்குள் இருக்கிறதா, அந்தக் கட்டளை டிராப் ஆகலாம் என்று அட்டவணையில் பதிவாகியிருக்கிறதா, இந்த இரண்டை மட்டுமே அது பார்த்தது. எந்த முகவரியைத் தொட்டதால் ஃபால்ட் வந்தது என்ற தகவலைக் கெர்னல் சிக்னலோடு சேர்த்தே கையில் கொடுக்கிறது. நாங்கள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தோம்.

அன்று மாலை ஒரு காரியம் செய்தேன். காவல் பகுதியை ஒதுக்கும் வரியையே அழித்துவிட்டு, கம்பைலரிடம் எதுவும் சொல்லாமல், முழு டெஸ்ட் தொகுப்பையும் ஓட்டினேன். வேலியே இல்லை என்றால் எல்லை டெஸ்ட்டுகள் எல்லாம் சிவக்கவேண்டும் அல்லவா? தொடக்க நினைவகத்தைச் சோதிக்கும் டெஸ்ட்டுகளில் சில சிவந்தன. எனக்குப் பகீர் என்றது சிவந்தவற்றைப் பார்த்து இல்லை. நினைவகத்தைப் பெருக்கிய பிறகு எல்லையைச் சோதிக்கும் டெஸ்ட்டுகள் ஒன்றுவிடாமல் பச்சையாகவே நின்றன. வேலி இருக்கும்போது எப்படி நின்றனவோ அப்படியே, ஒரு இலைகூட அசையவில்லை. அந்த டெஸ்ட்டுகளுக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை. ஏனென்றால் அவை ஓடிய இடத்தில் வேலி என்றைக்குமே இருந்ததில்லை.

பெருக்கும் ஃபங்ஷனைத் திறந்து பார்த்தேன். புதிய இடத்தின் அளவைக் கணக்கிடும் வரியில் புதிய நினைவகத்தின் அளவு மட்டும் இருந்தது. வாலுக்கான 64 கிலோபைட்டைக் கூட்டவே இல்லை. எழுதியவர் பெயரைத் தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

சரி, வேலியே இல்லாத இடத்தில் இத்தனை நாளாக டிராப் கொடுத்துக்கொண்டிருந்தது யார்? இதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி, பிடித்தது என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. லினக்ஸ் புதிய மேப்பிங்குகளை (புராசஸுக்கு ஒதுக்கும் முகவரித் துண்டுகளை) பொதுவாக மேலிருந்து கீழாக அடுக்கும். புதிதாகக் கேட்பதற்கு ஏற்கெனவே இருப்பதன் அடியில் ஒட்டினாற்போல் இடம் கொடுக்கும். டெஸ்ட்டில் ஒரே ஒரு நினைவகம். முதலில் 64 கிலோபைட் நினைவகமும் 64 கிலோபைட் காவலுமாக ஓரிடத்தில் உட்கார்ந்தது. பெருக்கியதும் 128 கிலோபைட்டுக்குப் புது இடம், பழையதன் அடியில். நகலெடுத்து முடித்ததும் பழைய இடம் காலி. ஆக, புதிய நினைவகத்தின் கூரைக்கு மேலே இருந்தது அதே நினைவகம் சற்று முன் காலி செய்துவிட்டு வந்த வெற்றிடம். எல்லை தாண்டி எட்டிப் பார்த்தால் அந்தக் காலி வீட்டில் விழும், அங்கே எதுவும் இல்லாததால் ஃபால்ட், ஹேண்ட்லர் அதை டிராப்பாக்கி ‘தேறியது’ என்று எழுதிக்கொள்ளும். எங்கள் டெஸ்ட்டுகளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது, காலி செய்துவிட்டுப் போன பழைய குடித்தனம்.

ஃபஸ்ஸர் இரவில் ஓடியபோது நிலைமை வேறு. அங்கே ஒரே புராசஸுக்குள் பல மாட்யூல்கள். இரண்டு மாட்யூல்களை அதே வரிசையில் கையால் ஏற்றி, எந்த முகவரி எந்த அனுமதியோடு இருக்கிறது என்று பட்டியலிடும் புராசஸின் மேப் கோப்பை அச்சிட்டுப் பார்த்தேன். முதல் மாட்யூல் மேலே, இரண்டாவது அதன் அடியில், பிறகு முதலாவது பெருகி இரண்டாவதின் அடிக்கு இடம் மாறுகிறது. நான் எதிர்பார்த்தது நான்கு வரி: திறந்த பகுதி, பூட்டிய பகுதி, திறந்த பகுதி, பூட்டிய பகுதி. திரையில் இருந்தது இரண்டே வரி. படிக்கவும் எழுதவும் கூடிய 192 கிலோபைட் ஒரே துண்டாக, அதன் மேலே பூட்டிய 64 கிலோபைட். நூற்றுத் தொண்ணூற்றிரண்டா? அப்படி ஒரு அளவை நான் எங்குமே கேட்கவில்லையே. 128, 64 என்று கணக்குப் போட்ட பிறகுதான் உறைத்தது. ஒரே அனுமதி கொண்ட இரண்டு பெயரில்லா (எந்தக் கோப்போடும் சேராத) மேப்பிங்குகள் ஒட்டினாற்போல் அமைந்தால் கெர்னல் அவற்றை ஒன்றாகத் தைத்துவிடும். ஒருவரை ஒருவர் தொடவே கூடாது என்று நான் சத்தியம் செய்து வைத்திருந்த இரண்டு மாட்யூல்களின் நினைவகம் கெர்னல் கண்ணுக்கு ஒரே கூடம். நடுவில் சுவர் இருந்த தடம்கூட இல்லை.

இப்போது அந்த எண்ணுக்கு வருகிறேன். ஃபஸ்ஸர் உருவாக்கிய லோடின் அடிப்படை முகவரி 131064. நினைவகத்தின் அளவு 131072. எல்லைக்கு 8 பைட் உள்ளே இருப்பதால் ஒப்பீடு அதை விட்டுவிட்டது. ஆஃப்செட் 16. கூட்டினால் எல்லையிலிருந்து 8 பைட் வெளியே. அங்கே பக்கத்து மாட்யூலின் 8ஆவது முகவரி. அந்த மாட்யூல், கையால் எழுதிய பழைய மாதிரி நிரல். திரையில் ‘ஹெல்லோ’ என்று எழுதுவதைத் தவிர வேறு வேலை தெரியாதது, அந்தச் சொல்லை 8ஆவது முகவரியில்தான் வைத்திருந்தது. 1819043176ஐ நான்கு பைட்டுகளாகப் பிரித்துக் கீழ் பைட்டிலிருந்து படித்தால் 104, 101, 108, 108. ஆஸ்கி அட்டவணையில் எச், இ, எல், எல். பக்கத்து வீட்டுக்காரர் ஆறு வாரத்துக்கு முன்பே வணக்கம் சொல்லியிருக்கிறார், நான்தான் காதில் வாங்கவில்லை.

ஃபால்ட் வந்தால் போதுமா

திருத்தம் ஒரு வரிதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு எல்லை டெஸ்ட் எதையும் பழைய கண்ணோடு என்னால் பார்க்க முடியவில்லை. டிராப் என்பது விளைவு. ஒரே விளைவுக்குப் பல காரணங்கள் இருக்கலாம்: ஒப்பீட்டுக் கட்டளை பிடித்திருக்கலாம், காவல் பகுதி பிடித்திருக்கலாம், எங்களுக்கு நடந்ததைப் போல் அதிர்ஷ்டமும் பிடித்திருக்கலாம். முதல் இரண்டும் நாம் கட்டியவை. மூன்றாவது, நினைவகம் எப்படி அடுக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தது; அதைத் தீர்மானிப்பது கெர்னல். 64 பிட் முகவரி வெளி பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது. அதில் கண்ணை மூடிக்கொண்டு எங்கே கை வைத்தாலும் ஃபால்ட் வரத்தான் வாய்ப்பு அதிகம். எல்லையைச் சோதிப்பவருக்கு அந்த வெறுமை போலச் சாதகமாகப் பொய் சொல்லும் சாட்சி வேறு இல்லை.

முதலில் ஹேண்ட்லரை மாற்றினோம். ஃபால்ட் ஆன முகவரி, அப்போது ஓடும் மாட்யூலின் நினைவகத்துக்கு என்று பதிவான பகுதிக்குள்ளோ அதன் காவல் பகுதிக்குள்ளோ விழுந்திருந்தால் மட்டும் டிராப். வேறு எங்கே விழுந்திருந்தாலும் செய்தியை அச்சிட்டுவிட்டு மொத்த புராசஸையும் அங்கேயே நிறுத்திவிடும். வாஸம்டைம் என்ற பெரிய ரன்டைமும் இதைத்தான் செய்கிறது: தனக்குச் சொந்தமில்லாத முகவரியில் ஃபால்ட் ஆனால் அதை மாட்யூலின் தவறு என்று எடுத்துக்கொள்ளாமல் தன் தவறு என்று எடுத்துக்கொண்டு புராசஸை முடித்துவிடுகிறது. கடுமையாகத் தோன்றலாம். ஆனால் எதிர்பாராத இடத்தில் மிதித்துவிட்டோம் என்றால் கம்பைலரின் கணக்கோ ஒதுக்கீட்டின் கணக்கோ பொய்த்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு கட்டளையும் சந்தேகத்துக்குரியது. இடையில் ஒரு சின்னத் தகவல், ஒரு மதியத்தை இதில் தொலைத்ததால் சொல்கிறேன்: எக்ஸ்86-64ல் முகவரியின் மேல் பிட்டுகள் செல்லாதவையாக இருந்தால் வருவது வேறு வகை ஃபால்ட், அப்போது லினக்ஸ் கொடுக்கும் முகவரி பூஜ்யமாக இருக்கும். நல் பாயிண்டர் (எதையும் காட்டாத பூஜ்ய முகவரி) என்று நினைத்துத் தேடாதீர்கள்.

அடுத்தது அக்கம்பக்கத்தைக் குடியேற்றியது. இப்போது எங்கள் எல்லை டெஸ்ட்டுகளில் நினைவகம் தனியாக ஓடுவதில்லை. அதன் ஒதுக்கீடு முடியும் இடத்துக்கு அடுத்த பைட்டிலும், தொடங்கும் இடத்துக்கு முந்தைய பைட்டிலும், படிக்கவும் எழுதவும் கூடிய பக்கங்களை வேண்டுமென்றே ஒட்ட வைக்கிறோம். அவற்றை அடையாளம் தெரிகிற எண்களால் நிரப்பி வைக்கிறோம். வேலியில் ஓட்டை இருந்தால் ஃபால்ட் வராது, அந்த எண் வரும், டெஸ்ட் உடனே சிவக்கும். எழுதும் டெஸ்ட்டுகளில் கடைசியில் அக்கம்பக்கத்தின் பைட்டுகள் அப்படியே இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கிறோம். இவ்வளவுக்கும் மொத்தம் எழுபது வரி கோடு. ஆறு வாரத்துக்கு முன் எழுதியிருக்கலாம்.

முந்தைய பைட் என்றேன். நினைவகத்துக்கு முன்னால் எதற்கு வேலி, முகவரிதான் மைனஸுக்குப் போகாத, குறி இல்லாத எண்ணாயிற்றே என்று நானும் ஒரு காலத்தில் கேட்டவன். 2021ல் வாஸம்டைம் பயன்படுத்தும் கிரேன்லிஃப்ட் கம்பைலரில் வெளிவந்த பிழை, சிவிஇ-2021-32629 (சிவிஇ என்பது பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரும் பொது அடையாள எண்), அதற்குப் பதில் சொல்லிவிட்டது. புராசஸருக்குள் இருக்கும் சின்ன சேமிப்பிடமான ரெஜிஸ்டர் போதாமல், நினைவகத்தின் ஸ்டாக் பகுதியில் ஒதுக்கி வைத்த 32 பிட் மதிப்பைத் திரும்ப எடுக்கும்போது, மேல் பாதியைப் பூஜ்யத்தால் நிரப்பவேண்டிய இடத்தில் குறி பிட்டால் (எண் மைனஸா என்று காட்டும் பிட்டால்) நிரப்பிவிட்டது. அப்போது 4294967295 என்ற முகவரி மைனஸ் 1 ஆகிவிடும். நினைவகத்தின் தொடக்கத்திலிருந்து 2 ஜிபி வரை பின்னோக்கிப் போகலாம். கம்பைலர் சரியாக இருக்கும்வரை முன்பக்க வேலிக்கு வேலையே இல்லை. கம்பைலர் தவறும் அந்த ஒரு நாளுக்காகத்தான் அது நிற்கிறது.

2023 மார்ச்சில் வந்த சிவிஇ-2023-26489 இன்னும் நுட்பமானது. எக்ஸ்86ல் முகவரியைக் கணக்கிடும்போதே ஒரு ரெஜிஸ்டரை 2, 4, 8 என்று பெருக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மாட்யூலில் இருந்த 32 பிட் இடப்பெயர்வை (பிட்டுகளை இடப்பக்கம் நகர்த்துவதை) கிரேன்லிஃப்ட் அந்த வசதிக்குள் மடித்து வைத்தது. 32 பிட்டில் நடந்திருந்தால் மேலே வழிந்த பிட்டுகள் உதிர்ந்திருக்கும். 64 பிட்டில் நடந்ததால் அவை உதிரவில்லை. 33 பிட்டில் முடியவேண்டிய முகவரி 35 பிட்டுக்குப் போனது, மாட்யூல் தன் இடத்திலிருந்து சுமார் 34 ஜிபி தூரம் வரை கை நீட்ட முடிந்தது. வேலி எவ்வளவு உறுதி என்பது இங்கே கேள்வியே இல்லை. ஆள் வேலியைத் தொடாமலே தாண்டிக் குதித்துவிட்டான். எல்லையை ஒட்டி ஒரு பைட் முன்னே, ஒரு பைட் பின்னே என்று மட்டும் சோதிக்கும் டெஸ்ட் இதை ஆயுசுக்கும் பிடிக்காது. அதைப் படித்துவிட்டு, முகவரியை இடம்பெயர்த்து, பெருக்கி, கூட்டி, சுற்றி வரச் செய்து, எட்டு மடங்கு தூரத்தில் எதிரே ஒருவரை உட்காரவைத்துச் சோதிக்கும் கேஸ்களைச் சேர்த்தேன். எங்களிடம் அந்தப் பிழை இல்லை. ஆனால் இல்லை என்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

பாதி எழுதிய எட்டு பைட்

இதற்கெல்லாம் பிறகு நிம்மதியாக இருந்த நேரத்தில் ஆர்ம் என்ற வேறு வகை புராசஸர் வந்தது. 8 பைட் ஸ்டோர் ஒன்று எல்லையின் மீது காலைப் பரப்பி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: 4 பைட் உள்ளே, 4 பைட் காவல் பகுதியில். வெப்அசெம்ப்ளியின் விதிப்படி டிராப் ஆகவேண்டும், நினைவகத்தில் ஒரு பைட்கூட மாறியிருக்கக் கூடாது. எக்ஸ்86 இயந்திரங்களில் அப்படித்தான் நடந்தது. ஆர்ம் கட்டமைப்போ, பக்க எல்லையைத் தாண்டும் ஸ்டோர் ஃபால்ட் ஆனால் முதல் பக்கத்தில் விழவேண்டிய பகுதி எழுதப்படலாம் என்று விட்டுவைத்திருக்கிறது. சில சிப்புகளில் அது நடக்கிறது. டிராப் வருகிறது, முகவரியும் காவல் பகுதியில்தான் இருக்கிறது, அக்கம்பக்கத்தார் எல்லோரும் நலம். உள்ளே மட்டும் 4 பைட் மாறியிருக்கிறது.

யார் தடுத்தது என்று கேட்கக் கற்றுக்கொண்ட என் புதிய டெஸ்ட்டுகள்கூட இதைத் தவறவிட்டன. தடுப்பதற்கு முன் என்ன நடந்தது என்று அவை கேட்கவில்லை. மாட்யூலுக்குச் சொந்தமான நினைவகம் தானே என்று சொல்லலாம், பாதுகாப்புக்கு ஆபத்தில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரே மாட்யூல் இரண்டு இயந்திரத்தில் இரண்டு விதமான நினைவகத்தை விட்டுச் செல்கிறது என்றால், எங்கும் ஒரே மாதிரி ஓடும் என்று நாம் சொல்வது எதற்கு? எழுதுவதற்கு முன் கடைசி பைட்டை ஒரு தடவை படித்துப் பார்த்துவிடுவது ஒரு வைத்தியம். படிக்கும்போதே ஃபால்ட் ஆகிவிடும், எழுதும் பேச்சே வராது. அதற்கு ஒவ்வொரு ஸ்டோருக்கும் கூலி கொடுக்கவேண்டும், காவல் பகுதியை வைத்து மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு போய்விடும். நாங்கள் அதை விருப்பத் தேர்வாக வைத்திருக்கிறோம், டெஸ்ட்டில் எப்போதும் இயங்கும்படி. எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை.

இன்னும் சில்லறையாக நிறைய இருக்கிறது. மேக்கில் பூட்டிய பக்கத்தைத் தொட்டால் லினக்ஸில் வரும் சிக்னலுக்குப் பதில் பஸ் பிழைக்கான சிக்னல் வரலாம், இரண்டையும் பிடிக்கவேண்டும். ஆப்பிள் சிலிக்கானில் பக்கத்தின் அளவு 16 கிலோபைட், 4 என்று எங்கேயாவது கையால் எழுதியிருந்தால் மாட்டிக்கொள்வீர்கள். படித்த மதிப்பை யாரும் பயன்படுத்தவில்லை என்று ஆப்டிமைசர் அந்த லோடையே தூக்கிவிட்டால் வரவேண்டிய டிராப் வராது. பயனில்லாத லோடுக்கும் ஃபால்ட் உரிமை உண்டு. எல்லையின் சரியான புள்ளியில் பூஜ்ய நீளத்துக்கு மெமரி காப்பி செய்தால் டிராப் ஆகக்கூடாது, அதிலிருந்து ஒரு பைட் தள்ளிச் செய்தால் நீளம் பூஜ்யமாகவே இருந்தாலும் டிராப் ஆகவேண்டும். மாட்யூல் அழைக்கும், ஆனால் மாட்யூலுக்கு வெளியே ஓடும் ஹோஸ்ட் ஃபங்ஷன் ஒன்று, மாட்யூல் கொடுத்த முகவரியைச் சரிபார்க்காமல் அப்படியே ரீட் சிஸ்டம் காலுக்கு (கெர்னலிடம் படித்துத் தரச் சொல்லும் அழைப்புக்கு) கொடுத்துவிட்டால், காவல் பகுதியில் பட்டும் சிக்னல் வராது. கெர்னல் தப்பான முகவரி என்ற பிழை எண்ணை அமைதியாகத் திருப்பிக் கொடுக்கும், ஹேண்ட்லருக்குச் செய்தியே போகாது. இதில் ஒவ்வொன்றும் தனிப் பதிவுக்கு உரியது, இன்று வேண்டாம்.

இந்தத் தந்திரமே கொஞ்சம் கொஞ்சமாக ஓரங்கட்டப்படுகிறது என்பதையும் சொல்லவேண்டும். 2025 செப்டம்பரில் வந்த வெப்அசெம்ப்ளி 3.0ல் 64 பிட் நினைவகம் சேர்ந்துவிட்டது. அங்கே முகவரி எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம், அத்தனையையும் வளைத்துப் போட எந்தப் புராசஸிலும் இடமில்லை, ஆகவே ஒப்பீடு திரும்பி வருகிறது. பக்கத்தின் அளவை 64 கிலோபைட்டுக்குப் பதில் ஒரு பைட்டாக வைத்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவும் இருக்கிறது. ஒரு பைட் பக்கத்துக்குப் பின்னால் சரியாகப் பூட்டித்தர எந்த வன்பொருளாலும் முடியாது. புதிதாக வந்தவர் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப எல்லாத்துக்கும் ஒப்பீடே வச்சுட்டா இந்தத் தலைவலியே இல்லையேங்க” என்றார். வேகம் குறையும் என்றேன். “எவ்வளவு?” என்றார். அளந்து சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் அளக்கவில்லை.

ஃப்ளேக்கி சீட்டைக் கிழித்துப் போட்ட கமிட்டில், அக்கம்பக்கத்துப் பக்கங்களை எந்த எண்ணால் நிரப்புவது என்று ஒரு கேள்வி வந்தது. வழக்கமாக எல்லோரும் வைக்கும் பதினாறடிமான எண்கள் எத்தனையோ இருக்கின்றன. நாங்கள் அந்தப் பழைய ‘ஹெல்லோ’ மாட்யூலையே ஏற்றி வைத்துவிட்டோம், அதே 8ஆவது முகவரியில், எல்லா எல்லை டெஸ்ட்டுகளுக்கும் நிரந்தர அண்டை வீட்டுக்காரராக. அந்த எண் லாகில் எங்கேயாவது தென்பட்டால் அலாரம் அடிக்க ஒரு சின்ன ஸ்கிரிப்டும் ஓடுகிறது.